யாருக்குப் பதிலாள்?

மட்டக்களப்பு,
ஆவணி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கைக்குக் கிடைத்து மூன்று கிழமைகளாகிவிட்டன. உடனே பதில் எழுதாமல் விட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உன்னிச்சைப் பக்கத்தில் தம்பி செய்த சிறுபோக வேளாண்மையின் வெட்டு. கச்சான் காற்றுக்குள் நான்கு நாட்கள் நின்று, முகமெல்லாம் கறுத்து வந்தேன். இரண்டாவது, எங்கள் பங்குத் தந்தைக்கு மாற்றம் வந்துவிட்டது. பங்குச் சபையின் செயலாளர் என்ற பெயர் என் தலையில் இருப்பதால், பிரியாவிடைக் கூட்டம், புதியவரின் வரவேற்பு, கோயில் சாமான்களின் பட்டியல் எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியதாயிற்று. அந்த வேலைகளுக்கு நடுவில் நீ கேட்ட கேள்வி மனதை விட்டு அகலாமல் இருந்தது ஒருவகையில் நல்லதாகவே போயிற்று.

இங்கிலாந்தில் நீங்கள் இருக்கும் கிராமத்தில் உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் பெண்மணி தம்மை ‘விக்கர்’ என்று அறிமுகப்படுத்தினார் என்றும், அவர் நம்முடைய ஃபாதர்மாரைப் போன்றவரா அல்லது யாருக்கேனும் உதவியாளரா என்று தெரியாமல் விழித்தாய் என்றும், கடைசியில் வீட்டில் மனைவியிடம் ‘உதவிக் குருவானவர்’ என்று சொல்லிச் சமாளித்தாய் என்றும் எழுதியிருந்தாய். மச்சான், நீ சொன்னது சொல்லின் பிறப்பைப் பார்த்தால் சரி. அந்த அம்மையாரின் பதவியைப் பார்த்தால் பிழை. இங்கிலாந்துத் திருச்சபையில் 1994ஆம் ஆண்டு முதல் பெண்களும் குருக்களாகத் திருநிலைப்படுத்தப்படுகிறார்கள். ஆகவே அவர் அந்தக் கோயிலின் உதவியாளர் அல்லர், அதன் பொறுப்பாளர்.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இலத்தீனில் ‘விக்காரியுஸ்’ என்றால் இன்னொருவரின் இடத்தில் நிற்பவர் என்று பொருள். வைஸ் பிரின்சிபல், வைஸ் சான்சலர் என்பவற்றில் வரும் ‘வைஸ்’ இதே குடும்பத்துச் சொல்தான். நம் அரசாங்கக் கடிதங்களில் ‘பதில் அதிபர்’, ‘பதில் நீதவான்’ என்று எழுதுகிறார்களே, அந்தப் ‘பதில்’ தான் இதற்கு மிக நெருங்கிய தமிழ் என்பது என் எண்ணம். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பதில் அதிபர் என்றால் நிரந்தர அதிபர் ஒருவர் எப்போதாவது வந்து கதிரையில் அமர்வார் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். விக்கரின் கதையில் உரியவர் வரப்போவதில்லை. பதிலாளே காலம் முழுவதும் நிற்கிறார். வந்தாறுமூலையில் வேந்தர் பட்டமளிப்பு நாளில் மட்டும் தோன்ற, மற்ற நாட்களெல்லாம் துணைவேந்தரே பல்கலைக்கழகத்தை நடத்துகிறாரல்லவா, அதை நினைத்துக்கொள்.

இந்தச் சொல் கோயிலில் பிறந்ததுமல்ல. உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் பல மாகாணங்களைச் சேர்த்து ஒரு பெரும் பிரிவாக்கி, அதற்கு ‘தியோசேசிஸ்’ என்று பெயரிட்டு, அதன் தலையில் வைத்த அதிகாரியின் பதவிப் பெயரே விக்காரியுஸ். இன்று நாங்கள் மறைமாவட்டம் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். திருச்சபை பேரரசின் கந்தோரிலிருந்து கதிரை மேசைகளோடு பெயர்ப் பலகைகளையும் எடுத்து வந்திருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

உங்கள் அயல்தெரு அம்மையாரின் பதவி எப்படி உருவானது என்பதற்கு வயல்காரன் பேரனாகிய உனக்கு நெடிய விளக்கம் தேவையில்லை. உன் பாட்டனார் வயல் சொந்தக்காரப் போடியாராக இருந்த காலத்தில் வயலில் அவருக்குப் பதிலாக நின்றவர் யார்? முல்லைக்காரர். விதைப்பு, தண்ணீர் கட்டு, காவல், வெட்டு, சூடடிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. போடியார் சூடு மிதிக்கும் நாளில் வண்டிலில் வந்து இறங்குவார். அவணம் அவணமாக நெல் போடியார் வீட்டுப் பட்டறைக்குப் போகும். முல்லைக்காரருக்கு அவருடைய பங்கு அளக்கப்படும். இடைக்கால இங்கிலாந்திலும் ஏறத்தாழ இதுதான் நடந்தது. ஊர்மக்கள் விளைச்சலில் பத்திலொன்றைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். அதை முழுமையாகப் பெறும் உரிமையுள்ள குரு ரெக்டர் எனப்பட்டார். காலப்போக்கில் பெரிய துறவற மடங்கள் பல ஊர்க் கோயில்களைத் தம் உடைமையாக்கிக்கொண்டன. மடமே ரெக்டர் ஆனது. மடம் முழுவதும் ஓர் ஊருக்குப் போய்ப் பூசை வைக்க முடியாதல்லவா? எனவே தன் பதிலாளாக ஒரு குருவை அங்கே அமர்த்தியது. அவரே விக்கர். தானியம், உலர்புல், விறகு ஆகிய பெரிய தசமபாகம் மடத்துக்குப் போனது. கோழி, முட்டை, தேன், பழம், ஆட்டுக்குட்டி போன்ற சில்லறைத் தசமபாகம் விக்கருக்கு வந்தது.

இதிலும் சில இடங்களில் மிகுந்த அநியாயம் நடந்திருக்கிறது. 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், சில நாடுகளில் பங்குக் குருவுக்குக் காலிலே கால், அதாவது தசமபாகத்தில் பதினாறிலொன்றே கிடைக்கிறது என்று வெளிப்படையாகக் கண்டித்து, அவருக்குத் தகுந்த பங்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. பதினாறிலொன்றை நம் பழைய வாய்ப்பாட்டில் வீசம் என்போம். வீசத்தை வாங்கிக்கொண்டு ஊர் முழுவதற்கும் ஞானஸ்நானம், கல்யாணம், மரணச் சடங்கு என்று ஓடித்திரிந்தவரை நினைக்கும்போது, எந்த முல்லைக்காரரும் அப்படியொரு போடியாரின் வயலில் அடுத்த போகம் நின்றிருக்க மாட்டார் என்றே படுகிறது.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்தப் பெரிய தசமபாக உரிமைகள் சாதாரணக் குடும்பங்களின் கைக்கும் போயின. உரிமையோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டது: கோயிலின் பீடப் பகுதியைத் திருத்திக் கொடுப்பது ரெக்டரின் உரிமையை வைத்திருப்பவரின் பொறுப்பு. இதை நம்புவாயோ தெரியாது. வாரிக்‌ஷயரில் ஒரு பண்ணையைப் பரம்பரையாகப் பெற்ற தம்பதியிடம் 1990களில் ஏறத்தாழ 95,000 பவுண் திருத்தச் செலவு கேட்கப்பட்டு, வழக்கு மேலே மேலே போய், 2003இல் பிரபுக்கள் சபை அவர்கள் கட்டத்தான் வேண்டும் என்று தீர்த்தது. நீ அங்கே காணி வாங்கும் எண்ணம் வைத்திருந்தால் உறுதியை நன்றாகப் படித்துப் பார். தசமபாகக் கணக்கெல்லாம் இன்று போய்விட்டது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வகைப் பங்குக் குருக்களும் விக்கர் என்று அழைக்கப்பட வழி செய்தபின், அந்தப் பெயர் ஊர்க் குருவுக்குரிய பொதுப்பெயராகவே ஆகிவிட்டது.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். இங்கேதான் குழப்பம் இரட்டிப்பாகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் கோயிலின் தலைவர் விக்கர். அவருக்குக் கீழே பயிற்சி பெறும் இளையவர் கியூரேட். பிரெஞ்சுக்காரர்களிடம் இது அப்படியே தலைகீழ்: தலைவர் கியூரே, உதவியாளர் விக்கேர். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் இந்த இரண்டாவது வழக்கத்தையே பின்பற்றுகிறது. சட்டப்படி எங்கள் பங்குத் தந்தை விக்கர் அல்லர், அவர் பங்கின் சொந்த மேய்ப்பர்; உதவிப் பங்குத் தந்தையே ‘பங்கு விக்கர்’. இங்குள்ள ஆங்கிலிக்கன் கோயிலான அந்திரேயர் கோயில் ஆங்கிலேயருடைய வழக்கத்தோடு வந்தது. நாங்கள் படித்த கத்தோலிக்க மிக்கேல் கல்லூரியில் முன்னொரு காலத்தில் பிரெஞ்சு யேசு சபையினர் இருந்தார்கள். ஆகவே நம் நகரின் ஒரே புளியந்தீவுக்குள், சில நிமிட நடைத் தூரத்தில், ஒரே சொல் ஒரு கோயிலில் பெரியவரையும் மற்றக் கோயிலில் சின்னவரையும் குறிக்கிறது. மெதடிஸ்த சபையினருக்கு இந்தச் சங்கடமே இல்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் வந்து இறங்கிய நாள் தொட்டு அவர்களிடம் விக்கர் என்ற பதவி கிடையாது. பல கோயில்கள் சேர்ந்த சேர்க்கிட்டும் அதன் மேற்பார்வைப் போதகரும்தான்.

மலையாளத்தில் பங்குக் குருவை இன்றும் ‘விகாரி’ என்கிறார்கள். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். நம் அறுபது வருடச் சக்கரத்திலும் ஒரு விகாரி உண்டு என்பதால், ஒருமுறை கேரளத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் “எங்கள் விகாரி நல்லவர்” என்றபோது, அருகிலிருந்த என் அத்தான் “வருடப் பலன் அப்படிச் சொல்லவில்லையே” என்று கேட்டுவைத்தார்.

தமிழில் நாங்கள் ‘பங்கு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டோம். பங்கு என்றால் பாகம். ஆயரின் முழுப் பொறுப்பில் ஒரு பாகம். அந்த மட்டில் நல்ல சொல்தான். ஆனால் ‘பங்குத் தந்தை’ என்று சேர்த்துச் சொல்லும்போது, பதிலாள் என்ற கருத்து முற்றாக மறைந்து, தகப்பன் என்ற கருத்து மேலே வந்து அமர்ந்துவிடுகிறது. தகப்பன் யாருக்கும் பதிலாள் அல்லவே. அதனால்தான் சில ஊர்களில் குருவானவரும் கோயில் தம்முடையது என்று நினைக்கிறார், சனங்களும் அப்படியே நினைத்து ஒன்றில் காலில் விழுகிறார்கள், அல்லது சண்டைக்குப் போகிறார்கள். என்னுடைய அம்மாவின் காலத்தில் ‘சுவாமி’ என்றார்கள். அது இன்னும் மோசம். பதிலாள் என்ற பழைய அர்த்தத்தை நாம் தொலைத்தது நட்டம் என்பதே இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்ல விரும்புவது.

ஏனென்றால் கத்தோலிக்கத் திருச்சபையின் மேல்மட்டம் முழுவதும் இந்தப் பதிலாள் என்ற கருத்தில்தான் நிற்கிறது. இலங்கைக்கு 1834இல் முதன்முதலாகத் தனி நிருவாகம் கொடுத்தபோது அது மறைமாவட்டமாக இருக்கவில்லை. பாப்பரசரின் பெயரால் ஒரு விக்கர் ஆளும் பகுதியாகவே இருந்தது. அதன் பிறகுதான் 1893இல் திருகோணமலை மறைமாவட்டமும், அதிலிருந்து பிரிந்து 2012இல் நம் மட்டக்களப்பு மறைமாவட்டமும் வந்தன. அதற்கெல்லாம் மிக முன்பு, ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்த யோசப் வாஸ் அடிகளைக் கொச்சி ஆயர் தம் குரு முதல்வராக, அதாவது விக்கர் ஜெனரலாக, நியமித்தார். ஆயர் கடலுக்கு அப்பால். இங்கே காட்டுப் பாதையில் கால்நடையாக அலைந்தவர் அவருடைய பதிலாள். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாங்கள் இரண்டு பஸ்களில் போயிருந்தோம்.

குரு முதல்வர் பதவியைப் பற்றி இன்னொன்று சொன்னால் உனக்குக் கருத்துத் தெளிவாகும். அவர் ஆயரின் பதிலாளாக மறைமாவட்டம் முழுவதையும் நடத்துகிறார். ஆனால் ஆயர் இறந்துவிட்டால், அல்லது அவருடைய விலகலை உரோமை ஏற்றுக்கொண்டுவிட்டால், குரு முதல்வரின் பதவியும் அத்துடன் முடிகிறது. எட்டு நாட்களுக்குள் ஒரு நிருவாகியைத் தெரிவு செய்ய வேண்டும். அதேவேளை பங்குத் தந்தைமாரின் பதவிக்கு ஒன்றும் ஆவதில்லை. இரவலாகப் பெற்ற அதிகாரம் எது, தன் பொறுப்பாகப் பெற்ற அதிகாரம் எது என்பதை இந்த ஒரு விதி பிட்டு வைக்கிறது. ஆயர்களுக்கும் இந்தக் கேள்வி வந்ததுண்டு. அவர்கள் பாப்பரசரின் கிளைக் காரியாலய முகாமையாளர்களா என்ற ஐயத்துக்கு 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பதில் சொன்னது: ஆயர்கள் கிறிஸ்துவின் பதிலாட்கள், பாப்பரசரின் பதிலாட்கள் என்று அவர்களைக் கருதக்கூடாது. ‘கிறிஸ்துவின் பதிலாள்’ என்ற பட்டம் பாப்பரசருக்கே உரியது என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அதற்கெல்லாம் முன்பு, தெர்த்துல்லியன் என்ற ஆபிரிக்க எழுத்தாளர் அந்தச் சொல்லைத் தூய ஆவிக்கே வழங்கியிருக்கிறார்.

சட்டம் என்று இவ்வளவு எழுதிவிட்டேன். அது நடைமுறையில் எப்படி வந்து குறுக்கே நிற்கும் என்பதை அக்காவின் மகளுடைய கல்யாணத்தில் கண்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு குருவானவர். இந்தக் கல்யாணத்துக்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். பூசை உடுப்பும் போட்டாயிற்று, பெண்ணின் கார் வாசலுக்கும் வந்தாயிற்று. அப்போதுதான் எங்கள் பங்குத் தந்தை, வந்தவருக்கு எழுத்தில் அனுமதி கொடுக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டார். எந்த ஊர்க் குருவாக இருந்தாலும் இன்னொரு பங்கில் திருமணத்தை நடத்த, அந்தப் பங்குத் தந்தையோ ஆயரோ தம் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருமணமே செல்லாது. பாட்டுக்காரர் ஆரம்பப் பாடலை இரண்டாம் முறையும் பாடிக்கொண்டிருக்க, பூசை அறை மேசையில் நின்றபடியே நான்கு வரி எழுதி, ஒப்பமிட்டு, முத்திரைப் பெட்டி காய்ந்து போயிருந்ததால் அதில் இரண்டு துளி தண்ணீர் விட்டு, முத்திரையைக் குத்தி நீட்டினார். அந்தக் கடதாசி இன்றும் பதிவேட்டுக்குள் இருக்கிறது. முத்திரையின் ஒரு பக்கம் ஊறி நீலமாகப் படர்ந்திருக்கும். முப்பது வருடக் குருத்துவம் உள்ள அந்த மனிதர் அந்த நான்கு வரி கைக்கு வரும்வரை பீடத்தடிக்குப் போகவில்லை. எனக்கு அவர்மேல் அன்றுதான் மதிப்பு வந்தது.

நீ நாட்டை விட்டுப் போன அடுத்த வருடம் நடந்ததை உனக்கு ஒருபோதும் முழுதாக எழுதியதில்லை. 1990இல் சுற்றிவளைப்பொன்றில் தம்பியைக் கொண்டு போய்விட்டார்கள். அப்போதிருந்த பங்குத் தந்தை விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு அம்மாவையும் என்னையும் முகாம் வாசலுக்குக் கூட்டிப் போனார். கையில் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை. அதில் இருபத்துமூன்று பெயர்கள், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், வயதும் தகப்பன் பெயருமாக. அவற்றில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். வாசலில் நின்றவன் “இவர்கள் உனக்கு யார்?” என்று கேட்டபோது, “என்னுடைய பங்கு” என்று மட்டும் சொன்னார். நண்பகல் வரை வெயிலில் நிற்க வைத்தார்கள். பதினோராம் நாள் தம்பி வந்தான். ஒற்றையில் இருந்த எல்லோரும் வரவில்லை. பெற்றோர் போக முடியாத இடத்துக்கு அவர்களுக்குப் பதிலாக அந்த மனிதர் போனார். அதற்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடங்களுக்கு முன்பு, 1988 ஜூன் 6ஆம் திகதி, புளியந்தீவு மரியாள் பேராலயத்தின் பங்குத் தந்தையும் பிரசைகள் குழுத் தலைவருமான சந்திரா பெர்னாண்டோ அடிகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்த இறுதி ஊர்வலம் உனக்கு நினைவிருக்கும்.

“என்னுடைய பங்கு” என்ற அந்தச் சொல்லில் சட்டமும் இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பங்கு என்பது கோயிலுக்கு வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டுமல்ல; அது எல்லையிட்ட ஒரு நிலப்பரப்பு. அங்கே வாழும் வேற்றுச் சமயத்தவரைப் பற்றிய அக்கறையும் பங்குத் தந்தைக்கு உண்டு. உங்கள் இங்கிலாந்தில் இது இன்னும் உறுதியானது. பங்கின் எல்லைக்குள் குடியிருக்கும் எவரும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே தலை வைக்காதவராக இருந்தாலும், அந்தக் கோயிலில் திருமணம் செய்யவும், இடமிருந்தால் அதன் சேமக்காலையில் அடக்கம் பெறவும் உரிமையுடையவர். ஆகவே நீ நாள்தோறும் திருநீறு பூசினாலும் அந்த அம்மையார் உன்னுடைய விக்கரும்தான். அடுத்த முறை தெருவில் காணும்போது அதை நினைத்து வணக்கம் சொல்.

எங்கள் மாற்றத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். பழையவர் ஆறு வருடங்கள் இருந்தார். போகும் நாளில் இரண்டு பெட்டிகளும் ஒரு மின்விசிறியும்தான் அவருடையவை என்று பட்டியலில் வந்தது; மற்றதெல்லாம் பங்குக்குரியது. புதியவரின் கையில் திறப்புக் கோர்வையைக் கொடுத்தபோது, எது எந்தப் பூட்டுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினான்கு திறப்புகள். அவற்றில் ஒன்றுக்குப் பூட்டே இல்லை. சுனாமிக்கு முந்திய மணிக்கோபுரக் கதவின் திறப்பு. ஏன் அதை வைத்திருக்கிறீர்கள் என்று புதியவர் கேட்டார். “எனக்கு முந்தியவர் தந்தார்” என்றார் பழையவர். புதியவர் அதைக் கழற்றாமலே கோர்வையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உங்கள் நாட்டு முறையில், ஒரு விக்கரை அமர்த்தும்போது ஆயர் நியமனப் பத்திரத்தைக் கொடுத்து, “உன்னுடையதும் என்னுடையதுமான இந்த ஆன்மப் பொறுப்பைப் பெற்றுக்கொள்” என்று சொல்வார். பிறகு புதியவரின் கையைக் கோயில் கதவின் திறப்பில் வைப்பார்கள்; அவர் உள்ளே போய் மணியை அடிப்பார். எத்தனை முறை அடிக்கிறாரோ அத்தனை வருடங்கள் அந்த ஊரில் இருப்பார் என்று சனங்கள் எண்ணிக்கொண்டு நிற்பார்களாம். உங்கள் அம்மையார் எத்தனை முறை அடித்தார் என்று கேட்டு எழுது. ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு இந்த முறையும் நடந்தே போக எண்ணியிருக்கிறேன். முழங்கால் இடம் கொடுத்தால் உனக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் மாறா அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்.